இடுப்புக்கு மேலே ஒன்பது உடுப்பு

செப்டம்பர் 30, திங்கள்

காவிரிக்கரை டிவியில் படத்துக்கு அடியில் ஓடுகிற எழுத்தை ஒன்றரை வருடமாக நான்தான் தட்டுகிறேன். திருச்சியில் எந்தத் தெருவில் வீடு காலி, யார் வீட்டில் பதினாறாம் நாள், எந்தக் கடையில் தள்ளுபடி, எல்லாம் என் விரல் வழியாகத்தான் ஊருக்குத் தெரியும். என் முகம் மட்டும் யாருக்கும் தெரியாது.

இன்று காலை சேது சார் அறைக்குள் கூப்பிட்டார். எங்கள் சேனலுக்கு அவர்தான் முதலாளி, மேனேஜர், சில நாட்களில் வாட்ச்மேனும். ஹேமா கல்யாணமாகித் துபாய் போய்விட்டதால் 'வீடுதோறும் கொலு' நேரலைக்கு ஆள் இல்லையாம். "உனக்குக் குரல் நல்லா இருக்கு நித்யகலா. முகமும் பரவாயில்ல" என்றார். பரவாயில்லையாம். நவராத்திரி ஒன்பது நாளும் ஒழுங்காகச் செய்தால் தினமும் மாலை ஆறு மணி நிகழ்ச்சி எனக்கே எனக்கு. சொதப்பினால் பழைய நாற்காலி, பழைய கண்ணீர் அஞ்சலி.

நிபந்தனை ஒன்றுதான். ஒரு நாள் போட்ட உடுப்பை இன்னொரு நாள் போடக் கூடாது. பெண்கள் பார்க்கிற நிகழ்ச்சி, அவர்கள் பொம்மையைப் பார்க்க மாட்டார்கள், உன்னைத்தான் பார்ப்பார்கள் என்றார். துணிக்கு சேனல் காசு கொடுக்குமா என்று கேட்டேன். சார் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்துவிட்டு அது ஓடுகிறதா என்று விசாரித்தார்.

காமிரா தியாகு அண்ணாதான் என்னோடு வருவார். அதிகம் பேசாத மனிதர். அதுவும் நல்லதுதான்.

என்னிடம் பார்க்கும்படி இருப்பது இரண்டு சுடிதார். அதில் ஒன்றை அலுவலகமே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை, பயத்திலும் வரவில்லை. ஆக மொத்தம் தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

அண்ணியிடம் சொன்னேன். நான் இருப்பது உறையூரில் அண்ணன் வீட்டில். அண்ணி தெருவுக்கெல்லாம் பிளவுஸ் தைத்துக் கொடுப்பாள். மெஷினை நிறுத்தி, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, என் போனில் ஹேமாவின் பழைய நிகழ்ச்சிகளைப் போடச் சொன்னாள். மூன்று நிகழ்ச்சி பார்த்தாள்.

"இவ காலை எங்கயாச்சும் பாத்தியாடி?"

எங்கேயும் இல்லை. ஹேமா எப்போதும் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப இடுப்புக்கு மேல ஒன்பது உடுப்பு. அவ்வளவுதான கணக்கு" என்று எழுந்து போய் பீரோவின் அடித்தட்டைத் திறந்தாள். உள்ளே பிளவுஸ் பிட்டுகள். மஞ்சள், கிளிப்பச்சை, கத்திரிப்பூ, கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. கல்யாணம், வளைகாப்பு, கொலு என்று வெற்றிலை பாக்கோடு வந்து சேர்ந்தவை. இவற்றை யாரும் தைக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் வாங்கினதை அடுத்த வீட்டில் வைத்துக் கொடுப்பார்கள், அவர்கள் அதற்கடுத்த வீட்டில். சில பிட்டுகள் என்னைவிட அதிகமாக ஊர் சுற்றியிருக்கும். ஒரே ஒரு ஒழுங்கு உண்டு: கொடுத்தவர்கள் வீட்டுக்கே திரும்பிப் போய்விடக் கூடாது. போனால் மானம் போச்சு.

ஒரு பிட்டில் முழு டாப்ஸ் வராது. முன்பக்கம் ஒரு பிட், கைக்கு இன்னொரு பிட், கழுத்துக்கு மூன்றாவதிலிருந்து பைப்பிங். முதுகுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அண்ணி தன் பழைய நைட்டி நான்கைக் கொண்டுவந்து போட்டாள். முதுகு டிவியில் வராது, நேரில் பார்க்கிறவர்களுக்குத் துப்பட்டா இருக்கிறது, காமிராவுக்கு முதுகைக் காட்டாமல் இருப்பது என் சாமர்த்தியம் என்றாள். அண்ணி மட்டும் இல்லையென்றால் நான் என்ன செய்வேன் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டது. அவள் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 3, வியாழன்

நான் டிவியில் வந்துவிட்டேன்!

தில்லை நகரில் முதல் வீடு. மஞ்சள் முன்பக்கம், சிவப்புக் கை, அந்தச் சிவப்பிலேயே கழுத்து. கீழே வெளுத்துப்போன கறுப்பு லெகின்ஸ், முதுகில் அண்ணியின் நைட்டிப் பூக்கள். அந்த வீட்டில் உட்கார நாற்காலி போடவில்லை. நின்றபடியே நடந்து நடந்து பேச வேண்டியதாகிவிட்டது. லெகின்ஸ் ஊருக்கே தெரிந்துவிடும் என்று டாப்ஸைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மறு ஒளிபரப்பைப் பார்த்தால் என் முகமும் தோளும் மட்டும் திரை முழுக்க. சேது சார் தியாகு அண்ணாவைத் திட்டினாராம், கொலுவுக்குப் போய் பொம்மையைக் காட்டாமல் இவ்வளவு பக்கத்தில் ஏன் எடுத்தாய் என்று. லென்ஸ் கோளாறு என்று அவர் சொல்லியிருக்கிறார்.

லென்ஸ் கோளாறு, என் நல்ல நேரம்.

அக்டோபர் 4, வெள்ளி

கிளிப்பச்சை. இடது கையில் ஊக்கு குத்திக்கொண்டே இருந்தது, சிரித்துக்கொண்டே இருந்தேன். மூக்கடலைச் சுண்டல்.

அக்டோபர் 5, சனி

இன்று கத்திரிப்பூ நிறத்துக்கு ஆரஞ்சுக் கை. கண்ணாடியில் பார்த்தபோது இது கோமாளித்தனமா, அழகா என்று எனக்கே தெரியவில்லை. அண்ணி தைரியமாகப் போடு என்றாள். பார்த்தால் சேனலுக்கு ஒரே போன். அந்தப் பெண் போட்டிருக்கிற உடுப்பு எந்தக் கடை என்று கேட்கிறார்களாம். சேது சாருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கம்மா வாங்குற?" என்றார். வாய் தானாகத் திறந்து "டிசைனர் சார், தனியா ஆள் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டது. அண்ணி கேட்டுவிட்டு சுண்டல் புரையேறும்வரை சிரித்தாள்.

போகிற வீட்டிலெல்லாம் எனக்கும் வெற்றிலை பாக்கோடு ஒரு பிட் வைத்துக் கொடுக்கிறார்கள். ஆக, தீர்ந்துபோகும் என்ற பயமும் இல்லை. இன்று வாங்கினது நாளைக்குக் கை, நாளை மறுநாள் கழுத்து.

திரும்பி வரும்போது தியாகு வண்டியில் கொண்டுவந்து விட்டார். பேருந்து கூட்டமாக இருந்தது, அதனால்தான்.

அக்டோபர் 6, ஞாயிறு

நிகழ்ச்சிக்கு முன்னால் தியாகு மலைக்கோட்டையைப் படம் பிடித்தார். காமிராவின் சின்னத் திரையில் எட்டிப் பார்த்தேன். உச்சிப் பிள்ளையார் கோயிலிலிருந்து தெப்பக்குளம்வரை மொத்தமும் விழுந்திருந்தது. லென்ஸ் சரியாகிவிட்டதா என்று கேட்டேன், ம்ம் என்றார். கொலு வீட்டுக்குள் நுழைந்ததும் மறுபடி கெட்டுவிட்டது. இந்தக் காலத்து எலெக்ட்ரானிக் சாமான்களை நம்ப முடியவில்லை.

சாப்பிடும்போது அண்ணி, "மொத நாள் தியாகு அண்ணா, தியாகு அண்ணான்னு சொல்லிக்கிட்டிருந்த. இப்ப அந்த அண்ணாவை எங்கடி காணோம்?" என்றாள். நான் பேச்சை ரசத்துக்கு மாற்றினேன். ரசம் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 7, திங்கள்

இன்றைய வீடு எங்கள் உறையூரிலேயே, வசந்தா மாமி வீடு. கலகலப்பான மாமி. எனக்கு வைத்துக் கொடுத்த பிட்டைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. லேவண்டர் நிறம், மெல்லிய ஜரிகை, நிஜப் பட்டு மாதிரி வழுவழுவென்று. ஓரத்தில் மஞ்சள் நூலால் வரிசையாக நான்கு முடிச்சு வேறு.

அண்ணி அந்த ஓரத்தை வெட்டிவிடலாம் என்றாள். நான் விடவில்லை. இப்போதெல்லாம் பெரிய கடைகளில் இப்படி முடிச்சும் குஞ்சமும் தொங்கவிட்டால்தான் விலையே. முடிச்சுகள் வலது முழங்கைக்கு மேலே வெளியே தெரிகிற மாதிரி கையைத் தைக்க வைத்தேன். ஃபேஷன் அண்ணிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நாளை ஸ்ரீரங்கத்தில் கோமளவல்லி மாமி வீடு. பதினோரு படிக் கொலு. சேது சார் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறாராம்.

அக்டோபர் 8, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமி தசாவதார செட்டைக் காட்டிவிட்டு ஆறாவது படிக்கு வந்தவர் அப்படியே நின்றார். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இரு, இரு. இந்தத் துணி உனக்கு ஏதும்மா?"

"டிசைனர் பண்ணினது மாமி" என்றேன். பழகிவிட்டது.

"டிசைனராவது. இது எங்க நாத்தனார் வசந்தாவுக்கு அவ அறுபதாம் கல்யாணத்துல நான் வெச்சுக் குடுத்தது. நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா?"

நேரலை. நான் பேச்சை மாற்றியிருக்க வேண்டும். யானை பொம்மையைக் காட்டியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, நிகழ்ச்சியைச் சுவாரசியமாகக் கொண்டுபோகிற நினைப்பில், "முடிச்சு எதுக்கு மாமி?" என்று கேட்டேன்.

மாமியும் சுவாரசியமாகவே சொல்ல ஆரம்பித்தார். "குடுத்தவாளுக்கே திரும்பப் போயிடப்படாதோல்லியோ, அதுக்குத்தான் ஓர் அடையாளம். அக்கம்பக்கத்துலேர்ந்து வந்ததுன்னா ஒரு முடிச்சு. எங்க அக்கா குடுத்ததுன்னா ரெண்டு. நாத்தனார் குடுத்ததுன்னா நாலு..."

அங்கேயே நின்றுவிட்டார். நான் என் கையைப் பார்த்தேன். திருச்சியில் எங்கள் சேனல் வருகிற வீடெல்லாம் என் கையைப் பார்த்திருக்கும். நான்கு முடிச்சு. வசந்தா மாமி கொடுத்த துணியை, முடிச்சைக் கவனிக்காமல், வசந்தா மாமிக்கே அறுபதாம் கல்யாணப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து மாமியின் போன் அடித்தது. மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். இப்போதும் போட்டார். வசந்தா மாமியின் குரல் கூடமெங்கும் கேட்டது.

"மன்னி, அது என்கிட்ட வந்தன்னிக்கே எனக்குத் தெரியும். நான் வாங்கின துணி எனக்கு மறக்குமா? சொல்லலை, அவ்வளவுதான்."

நான் ஓடிப்போய் அந்தப் போனை அணைக்கலாம் என்று திரும்பினேன். துப்பட்டா நழுவி விழுந்தது. முதுகு முழுக்க அண்ணியின் நைட்டி. அந்த நொடியில் தியாகு காமிராவைப் படாரென்று செட்டியார் பொம்மையின் மேல் திருப்பினார். அப்புறம் நிகழ்ச்சி முடிகிறவரை ஊர் பார்த்தது செட்டியாரையும் அவர் முன்னாலிருந்த அரிசி பருப்பையும்தான். கேட்டது மட்டும் மன்னியும் நாத்தனாரும் போனில் போட்ட சண்டை.

வெளியே வந்ததும் சேது சார் போன். டிசைனர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேனே, வெற்றிலை பாக்குத் துணியைப் போட்டுக்கொண்டு என் தலையைக் குனிய வைத்துவிட்டாயே என்றார். உடுப்பைவிடப் பொய்தான் அவருக்குச் சுட்டிருக்கிறது. நாளையிலிருந்து வழக்கம்போல டைப் செய்தால் போதுமாம்.

வண்டியில் வரும்போது அழுதேன். தியாகு திரும்பிப் பார்க்கவில்லை. காவிரிப் பாலத்தில் மெதுவாக ஓட்டினார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டுச் சொன்னது ஒரே வாக்கியம்: "அந்தக் கை நல்லாத்தாங்க இருந்துச்சு."

அக்டோபர் 9, புதன்

வீடு வாடகைக்கு. இரண்டாம் மாடி. தண்ணீர் வசதி உண்டு. சைவம் மட்டும்.

என் இடத்தில் சேது சாரின் தம்பி மகள் போனாள். முழுச் சேலை, இடுப்புக்கு மேலும் கீழும். மறு ஒளிபரப்பைப் பார்த்தேன். லென்ஸ் சரியாகிவிட்டது. பாதம்வரை தெரிந்தது, மருதாணிகூடத் தெரிந்தது. என் மரமண்டைக்கு இன்றுதான் எட்டியது. லென்ஸ் ஒரு நாளும் கெட்டுப்போகவே இல்லை. தியாகு எனக்காக இத்தனை நாளும் திட்டு வாங்கியிருக்கிறார்.

இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

(மதியத்திலிருந்து சேனல் போன் ஓயவில்லை. கிளிப்பச்சை மேல் மாங்காய் போட்ட பிட் தன்னுடையதுதானா என்று ஒரு அம்மா. வெள்ளிக்கிழமை போட்ட கழுத்து தன் சம்பந்தி கொடுத்ததாக இன்னொரு அம்மா. யாரும் கோபமாகப் பேசவில்லை. துப்புத் துலக்குகிற சந்தோஷம் குரலில் தெரிந்தது.)

அக்டோபர் 10, வியாழன்

காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கோமளவல்லி மாமியும் வசந்தா மாமியும் ஒன்றாக இறங்கினார்கள். அண்ணி என்னை மெஷினுக்குப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றாள்.

இருவர் கையிலும் மூட்டை. அவிழ்த்தால் பிளவுஸ் பிட்டுகள், இருபது வருடத்துச் சேர்மானம். ஸ்ரீரங்கத்து மூட்டையில் எல்லாவற்றிலும் முடிச்சு. செவ்வாய்க்கிழமை சண்டை ஒரு மணி நேரம் நடந்ததாம், கடைசியில் வசந்தா மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம், அது கோமளவல்லி மாமிக்கும் தொற்றிக்கொண்டதாம். இருபது வருடமாக ஒருவரை ஒருவர் ஏமாற்றுவதாக நினைத்து நான்கைந்து துணியையே மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"இதையெல்லாம் வெட்டு. இனிமே எங்காத்துல இது சுத்தப்படாது" என்று அண்ணியிடம் சொன்ன கோமளவல்லி மாமி என்னைப் பார்த்தார். "முடிச்சை மட்டும் வெட்டாதே. அது நன்னாத்தான் இருக்கு."

ஃபேஷன் எனக்குத் தெரியும் என்று சொன்னேன் அல்லவா.

மாலையில் சேது சார் கூப்பிட்டார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, நாளைக் கடைசி நாளுக்கு நீயே போ என்றார். தான் போன வருடம் யாருக்கோ கொடுத்த துணி உன் மேல் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம். இதுதான் கடைசி வாய்ப்பு. உடுப்பு புதிதாக இருக்க வேண்டும், பொய் இருக்கக் கூடாது. நாளை எந்த வீடு சார் என்று கேட்டேன்.

"தியாகு வீடுதான். அவனே கேட்டு வாங்கினான்."

அண்ணி கத்திரிக்கோலை எடுத்தாள். இந்த முறை துணிக்குப் பஞ்சமே இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி. சரஸ்வதி பூஜை

பாதம்வரை தொங்குகிற பாவாடை. பட்டை பட்டையாகப் பதினெட்டு நிறம். மேலே புது டாப்ஸ், கை மட்டும் அதே லேவண்டர். ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் முடிச்சுகள், ஒன்று, இரண்டு, நான்கு. முதுகுக்கும் பிட். நைட்டிக்கு ஓய்வு கொடுத்துவிட்டோம். கண்ணாடியில் பார்த்து நானே ஒரு சுற்றுச் சுற்றினேன். பாவாடை குடையாக விரிந்தது. இன்னொரு சுற்றும் சுற்றினேன்.

பாலக்கரையில் தியாகு வீடு சின்னது, கொலு மூன்றே படி. அவருடைய அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். ஆறு மணிக்குக் காமிராவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். டிசைனர் என்று சொன்னது பொய், தைத்தது என் அண்ணி செல்வநாயகி, துணி முழுக்க உங்கள் வீட்டு வெற்றிலை பாக்கோடு வந்தது, புதுசு வாங்க என்னிடம் வசதி இல்லை, ஆனால் எனக்கு அழகாக உடுத்தப் பிடிக்கும். பிறகு முதுகு தெரிய முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன்.

தியாகு காமிராவைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கியே நடந்தார். கூடத்தைத் தாண்டி, நிலைப்படியைத் தாண்டி, தெருவில் இறங்கி நின்றார். கொலு, அவர் அம்மா, சுண்டல் தட்டு, நான், என் பாவாடையின் கடைசி முடிச்சு, வார் அறுந்து நான் தைத்துப் போட்டிருக்கும் செருப்புகூட வாசலில் தெரிந்ததாம். கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

கிளம்பும்போது அவர் அம்மா வெற்றிலை பாக்கோடு ஒரு பொட்டலம் கொடுத்தார். "இதை யாருக்கும் வச்சுக் குடுத்துடாதம்மா. நீயே தச்சுப் போட்டுக்க" என்றார். தியாகு அப்போது டிரைபாடை மடக்கிக்கொண்டிருந்தார். மூன்று காலை மடக்க ஒரு மனிதருக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

நல்ல நாள் என்று சேது சார் இன்றே சொல்லிவிட்டார். ஆறு மணி நிகழ்ச்சி எனக்கு. செவ்வாய்தோறும் அண்ணியும் வர வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கிற பிட்டுகளைப் பெண்கள் கொண்டுவருவார்கள், அண்ணி நேரலையிலேயே வெட்டிக் காட்டுவாள். அண்ணி உடனே தனக்கு எந்த உடுப்பு என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள். டிவியில் இடுப்புக்கு மேலேதான் தெரியும் என்றேன். முதுகில் ஒரு அடி விழுந்தது.

சந்தோஷத்தில் நேற்றைய பொட்டலத்தைப் பிரிக்கவே மறந்துவிட்டேன். மறக்கவில்லை. பயமாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணியே பிரித்தாள். மயில் கழுத்து நிறத்தில் காட்டன் பட்டு. கடைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. எந்த வீட்டுக்கும் போகாத, எந்த பீரோவிலும் உறங்காத துணி. அண்ணி விரித்தாள், விரித்துக்கொண்டே போனாள். முழங்கையால் அளந்து பார்த்தாள்.

"ரெண்டரை மீட்டர் இருக்கு. வெத்தல பாக்குல யாருடி ரெண்டரை மீட்டர் வைப்பாங்க?"

என் முகமே பதில் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அண்ணி கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். மஞ்சள் நூலை எடுத்து ஊசியில் கோத்தாள். துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ரொம்ப அப்பாவி மாதிரி கேட்டாள்:

"ஒரு முடிச்சு போட்டு வைக்கட்டுமா? தெரியாத்தனமா அந்த வீட்டுக்கே திரும்பிப் போயிடப் போகுது."

"வேண்டாம் அண்ணி" என்றேன். "போனா போகட்டும்."